சென்சார் அளவும் தலைமுறையும்: இரண்டு கேமராக்களின் படத்தரத்தை ஒப்பிடுவது எப்படி

இரண்டு டிஜிட்டல் கேமராக்கள் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது கண்ணில் படும் வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. ஒன்றின் சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, பெரிதாக இருக்கும். மற்றொன்று எட்டாண்டுகள் பிந்தி வந்ததாக இருக்கும். ஒன்றில் மாட்டிய லென்ஸ் கூர்மையானதாக இருக்கும். மற்றொன்றின் கோப்பைத் திறந்த மென்பொருள் நம்மைக் கேட்காமலேயே நாய்ஸை (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளை) குறைத்திருக்கும். இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்காமல், ‘ஃபுல் ஃப்ரேமுக்கு (36 × 24 மி.மீ. சென்சாருக்கு) ஈடில்லை’ என்றோ ‘புதியதுதான் எப்போதும் மேல்’ என்றோ முடிவு கட்டிவிடுவது எளிது. அந்த இரண்டு முடிவுகளுமே பாதி நேரம் தவறாகப் போகின்றன.

சென்சாரின் அளவும் அதன் தலைமுறையும் படத்தின் வெவ்வேறு பகுதிகளில் தம் வேலையைக் காட்டுகின்றன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அளவின் பயன் முகத்தோல், வானம், சுவர் போன்ற இடைத்தொனிகளில் தெரியும். தலைமுறையின் பயன் பெரும்பாலும் ஆழ்ந்த நிழல்பகுதிகளில் தெரியும். எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் செய்யும் ஒப்பீடு எத்தனை படங்களை எடுத்தாலும் தெளிவு தராது.

அளவு செய்வது என்ன

ஒளி என்பது ஃபோட்டான்களாக வந்து விழுவது. அவை ஒழுங்கான இடைவெளியில் விழுவதில்லை. ஒரே அளவு ஒளி பெற வேண்டிய இரண்டு புள்ளிகளில் ஒன்றில் சற்றுக் கூடுதலாகவும் மற்றொன்றில் சற்றுக் குறைவாகவும் விழும். இந்த ஏற்ற இறக்கம், விழுந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம். 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. அதாவது நூற்றில் ஒரு பங்கு. 100 ஃபோட்டான்கள் மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10; அதாவது பத்தில் ஒரு பங்கு. இடைத்தொனிகளில் நாம் காணும் மணல் போன்ற நாய்ஸில் பெரும்பங்கு இதுதான். இது சென்சாரின் குறை அன்று, ஒளியின் இயல்பு; எனவே எந்தத் தொழில்நுட்பமும் இதை நீக்க முடியாது. கூடுதல் ஒளியைச் சேர்ப்பது ஒன்றே வழி.

ஒரே ஷட்டர் வேகமும் (ஒளி விழும் நேரம்) ஒரே எஃப் எண்ணும் (லென்ஸ் துளையின் அளவைக் குறிக்கும் எண்; எண் சிறிதானால் துளை பெரிது) வைத்தால், சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளி எல்லாக் கேமராக்களிலும் ஒன்றே. அப்படியானால் படம் முழுவதற்கும் சேரும் ஒளி பரப்பளவைப் பொறுத்ததாகிறது. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. நிக்கான், சோனி, ஃபுஜிஃபில்ம் ஆகியவற்றின் ஏபிஎஸ்-சி சென்சார்கள் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; கேனானின் ஏபிஎஸ்-சி அதைவிடச் சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. ‘ஒரு அங்குலம்’ என்று பெயர் பெற்ற சென்சாரின் உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ. மட்டுமே, அந்தப் பெயர் பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்திலிருந்து வந்தது, சென்சாரின் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை. பரப்பளவு இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காவதைக் குறிக்கும் அளவு) ஆதாயம் என்று கொண்டால், ஃபுல் ஃப்ரேமுக்கும் ஏபிஎஸ்-சிக்கும் இடையே ஒரு ஸ்டாப்பைவிடச் சற்று அதிகமும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுடன் ஏறத்தாழ 2 ஸ்டாப்பும், ஒரு அங்குலத்துடன் ஏறத்தாழ 3 ஸ்டாப்பும் வேறுபாடு இருக்கும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் சோதனையைத் தொடங்க வேண்டும். நம் சோதனையின் முடிவு இவற்றிலிருந்து வெகுவாக விலகினால், சென்சாரைப் பற்றி ஒரு புதிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதைவிட, சோதனையில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்பதே நிகழக்கூடியது.

தலைமுறை செய்வது என்ன

ஃபோட்டான்களின் ஏற்ற இறக்கத்தைத் தவிர, சென்சாரும் அதன் மின்சுற்றுகளும் தாமாகவே ஒரு நாய்ஸைச் சேர்க்கின்றன. மின்னழுத்தத்தைப் படித்து எண்ணாக மாற்றும்போது நேரும் பிழை இது. வெளிச்சமான பகுதிகளில் இது தெரியாது; ஃபோட்டான்கள் மிகக் குறைவாக விழுந்த நிழல்பகுதிகளில் இதுவே மேலோங்கி நிற்கும். கடந்த இருபதாண்டுகளின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி இந்தப் படிப்புப் பிழையைக் குறைப்பதில்தான் நிகழ்ந்தது. அனலாக்கை டிஜிட்டலாக்கும் சுற்றுகளைச் சென்சாரின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் அமைக்கும் முறையைச் சோனி 2007 வாக்கில் எக்ஸ்மோர் என்ற பெயரில் கொண்டுவந்தது; கேனான் தன் பெரிய கேமராக்களில் இதே திசைக்கு 2016இல்தான் திரும்பியது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக இரண்டு பழைய கேமராக்களைச் சொல்லலாம். 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா. 2010இல் வந்த நிக்கான் டி7000 ஏபிஎஸ்-சி கேமரா. அதன் சென்சார் பரப்பளவு முன்னதன் பாதிக்கும் குறைவு. அடிப்படை ஐஎஸ்ஓவில் (படத்தின் பிரகாசத்தை உயர்த்தும் அமைப்பின் மிகக் குறைந்த இயல்பு நிலையில்) எடுத்து நிழலை மென்பொருளில் நான்கு ஸ்டாப் தூக்கினால், சிறிய சென்சாரே தெளிவாக வெல்லும். 5டி மார்க் 2 கோப்பில் ஒரு கறுப்புத் துணியின் மடிப்பை நூறு சதவீதத்தில் (ஒரு பிக்சலுக்குத் திரையில் ஒரு புள்ளி என்ற அளவில்) திறந்து பார்த்தால், துணியின் நெசவுக்கு மேல் மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடுவது தெரியும். அவற்றுக்கிடையே செந்நிறத் திட்டுகளும் இருக்கும். டி7000 கோப்பில் அதே மடிப்பு சீரான நுண்மணலாக இருக்கும், நெசவும் ஓரளவு தெரியும். ஆனால் இரண்டையும் ஐஎஸ்ஓ 3200க்கு ஏற்றி, முறையாக வெளிச்சம் கொடுத்து எடுத்த ஒரு முகத்தைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது: பெரிய சென்சாரே முன்னே நிற்கிறது. அதே இரண்டு கேமராக்கள், இரண்டு விதமான விடைகள்; இரண்டும் சரியானவையே.

சென்சார்கள் ஃபோட்டான்களைப் பிடிக்கும் திறனும் தலைமுறைதோறும் கூடியிருக்கிறது. பிக்சல்களுக்கு மேல் இடைவெளியில்லாத நுண்வில்லைகள் வந்தன. கம்பித்தடங்களைப் பின்பக்கம் தள்ளிய பின்னொளி சென்சார்கள் ஃபுல் ஃப்ரேமில் 2015இல், சோனி ஏ7ஆர் கேமராவின் இரண்டாம் பதிப்பில், முதலில் வந்தன. ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. இன்றைய நல்ல சென்சார்களில் பச்சை வடிகட்டியுள்ள பிக்சல்கள் தம்மீது விழும் பச்சை ஒளியில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பிடித்துவிடுகின்றன. வண்ண வடிகட்டிகள் உள்ளவரை, மீதி முழுவதையும் பிடித்தாலும் ஒரு ஸ்டாப்கூடத் தேறாது. ஆகவே 2004க்கும் 2012க்கும் இடையில் தலைமுறை மாற்றம் கொடுத்த பாய்ச்சலை 2016க்குப் பிந்தைய கேமராக்களிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

புதியது சில இடங்களில் பின்வாங்கவும் செய்யும். படிக்கும் வேகத்தைக் கூட்டுவதற்காகச் செய்யும் மாற்றங்கள் படத்தரத்தில் சிறு விலையைக் கேட்கின்றன. 2023இல் அறிமுகமான சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு, சட்டகம் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டர் கொண்டது. அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250இல்தான் தொடங்குகிறது; அதனால் அது சேர்க்கக்கூடிய ஒளி குறைகிறது. 2024இல் வந்த நிக்கான் இசட்6 மூன்றாம் பதிப்பின் நிழல்பகுதிகள், அடிப்படை ஐஎஸ்ஓவில், அதன் முந்தைய பதிப்பைவிடச் சற்று நாய்ஸ் கூடியவை. வேகமான ஆட்டோஃபோக்கஸும் வீடியோவும் வேண்டுவோர் இந்த விலையை மகிழ்ச்சியுடன் கொடுப்பர். நிலக்காட்சி எடுப்பவர் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

ஒப்பிடுவதற்கான இணைகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாறும்படி இணைகளை அமைக்க வேண்டும். தலைமுறையை அறிய விரும்பினால் ஒரே அளவுள்ள, காலத்தால் தள்ளி வந்த இரண்டு கேமராக்களை எடுக்கவும். அளவை அறிய விரும்பினால் ஒரே காலத்தைச் சேர்ந்த, வெவ்வேறு அளவுள்ள இரண்டை எடுக்கவும். இரண்டாவதற்கு மிகப் பொருத்தமான ஒரு மூவர் அணி தற்செயலாகக் கிடைத்திருக்கிறது: 2018இல் வந்த 26 மெகாபிக்சல் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி3 (ஏபிஎஸ்-சி), 2019இல் வந்த 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் நான்காம் பதிப்பு (ஃபுல் ஃப்ரேம்), அதே ஆண்டில் வந்த 102 மெகாபிக்சல் ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100 (44 × 33 மி.மீ.). மூன்றிலும் பிக்சலின் அகலம் ஏறத்தாழ 3.76 மைக்ரான், மூன்றும் பின்னொளி சென்சார்கள். நூறு சதவீதத்தில் பார்த்தால் மூன்றின் நாய்ஸும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரே அளவில் அச்சிட்டால் பெரியது தெளிவாக மேம்பட்டு நிற்கும். பிக்சல் அளவு வேறு, சென்சார் அளவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அரிது.

பழைய சிறிய கேமராவைப் புதிய பெரிய கேமராவுடன் ஒப்பிட்டு மகிழ்வதில் பயனில்லை. அங்கே இரண்டு காரணங்களும் ஒரே பக்கம் சாய்கின்றன. பழைய பெரியதையும் புதிய சிறியதையும் மோதவிடுவதே சுவையானது. பயன்படுத்திய கேமரா வாங்க நினைப்பவரின் உண்மையான கேள்வியும் அதுவே.

காட்சியும் ஒளியும்

அசையாத ஒரு மேசைக் காட்சி போதும். அதில் கறுப்புக் கம்பளித் துணி ஒன்று மடிப்புகளோடு இருக்கட்டும். சிறிய எழுத்துகள் அச்சிட்ட தாள், சாம்பல்நிற அட்டை, பல வண்ண நூல்கண்டுகள், மெல்லிய தூரிகை மயிர் ஆகியவையும் இருக்கட்டும். சிவப்பு நூல்கண்டை மறக்க வேண்டாம். நாய்ஸைக் குறைக்கும் மென்பொருள் முதலில் விழுங்குவது இத்தகைய மென்மையான, மாறுபாடு குறைந்த இழையமைப்பைத்தான். கறுப்பு எழுத்துகள் கூர்மையாகவே நிற்கும்போது சிவப்பு நூலின் திரிகள் வழுவழுப்பான பூச்சாக மாறியிருந்தால், எங்கோ நாய்ஸ் குறைப்பு நடந்திருக்கிறது என்று பொருள்.

சன்னல் வழி வரும் பகல் ஒளி இதற்கு ஆகாது. ஒரு மேகம் நகர்ந்தால் அரை ஸ்டாப் போய்விடும். நிலையான விளக்கொளியே வேண்டும். சில எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால், ஷட்டரை 1/30 விநாடியைவிட மெதுவாக வைப்பது நல்லது. கேமரா முக்காலியில் நிற்க வேண்டும். ஷட்டரை டைமரில் இயக்க வேண்டும். குவியத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் சரிசெய்ய வேண்டும். மின்னணு ஷட்டரில் சில கேமராக்கள் தொனிகளைப் பதியும் நுண்மையில் 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கிவிடும் என்பதால் இயந்திர ஷட்டரையே பயன்படுத்தவும். கோப்பு ரா வடிவில் (சென்சார் பதிந்ததைக் கேமரா செப்பனிடாமல் சேமிக்கும் வடிவில்), தரமிழக்காத சுருக்கத்தில் இருக்க வேண்டும். ஜேபெக் படங்களை ஒப்பிட்டால், இரண்டு நிறுவனங்களின் பொறியாளர்கள் எதை அழகு என்று கருதினார்கள் என்பதைத்தான் ஒப்பிட்டவர்களாவோம்.

லென்ஸில்தான் பலருடைய சோதனை சறுக்குகிறது. ஒரே மவுண்டில் (லென்ஸைப் பொருத்தும் அமைப்பில்) ஃபுல் ஃப்ரேமும் ஏபிஎஸ்-சியும் இருந்தால் ஒரே ஜூம் லென்ஸை இரண்டிலும் மாட்டி, ஒன்றில் 75 மி.மீ., மற்றொன்றில் 50 மி.மீ. என்று வைத்து ஒரே காட்சிப்பரப்பைப் பெறலாம். அது இயலாதபோது, நல்ல லென்ஸ்களின் துளையை ஓரிரு ஸ்டாப் குறுக்கி, படத்தின் மையப்பகுதியை மட்டும் பார்க்கவும். மூலைகளில் லென்ஸின் இருளை ஈடுகட்ட மென்பொருள் வெளிச்சத்தைக் கூட்டும்; அங்கே தெரியும் நாய்ஸுக்குச் சென்சார் பொறுப்பாகாது.

இரண்டு வெவ்வேறு கேள்விகள்

ஒப்பிடும் முன் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். முதல் கேள்வி: ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் வேகம் வைத்தால் எது மேல்? இதில் பெரிய சென்சார் தன் பரப்பளவுக்குரிய ஆதாயத்தை முழுமையாகப் பெறும். ஆனால் அதன் குவிய ஆழம் (படத்தில் கூர்மையாகத் தெரியும் முன்-பின் தூரம்) குறைந்துவிடும். இரண்டாவது கேள்வி: ஒரே காட்சிப்பரப்பு, ஒரே குவிய ஆழம், ஒரே ஷட்டர் வேகம் ஆகியவை கட்டாயமாக இருக்கும்போது எது மேல்? ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ., எஃப்/5.6, 1/100 விநாடி, ஐஎஸ்ஓ 1600 என்று எடுக்கும் படத்துக்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இணையானது 25 மி.மீ., எஃப்/2.8, 1/100 விநாடி, ஐஎஸ்ஓ 400. இரண்டிலும் சென்சாருக்குள் வரும் மொத்த ஒளி ஒன்றே. எனவே இடைத்தொனியின் நாய்ஸும் ஏறக்குறைய ஒன்றே.

ஒரு குழுவினரை முன்வரிசை முதல் பின்வரிசை வரை தெளிவாக எடுக்க வேண்டியவருக்கு இரண்டாவது கேள்வியே பொருந்தும். பெரிய சென்சார் அவருக்குத் தரும் ஆதாயம் அவர் நினைத்ததைவிட மிகச் சிறிதாகவே இருக்கும். மேடை நிகழ்ச்சியை எஃப்/1.8இல் எடுப்பவருக்கோ முதல் கேள்விதான் வாழ்வாதாரம். பெரிய சென்சாரின் பயன் என்பது, பெரிய துளையுள்ள லென்ஸைப் பயன்படுத்தவோ அடிப்படை ஐஎஸ்ஓவில் கூடுதல் ஒளியைச் சேர்க்கவோ வாய்ப்புள்ளபோதுதான் கைக்கு வரும் என்பது என் கருத்து. விற்பனை விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

ஐஎஸ்ஓ எண்ணையும் முழுமையாக நம்ப வேண்டாம். அந்த எண்ணைக் கணிக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைத் தரநிலையே அனுமதிக்கிறது. அதனால் இரண்டு கேமராக்கள் ஐஎஸ்ஓ 1600 என்று காட்டும்போது ஒன்று மற்றொன்றைவிட அரை ஸ்டாப் கூடுதல் ஒளியை எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். சமப்படுத்த வேண்டியவை ஷட்டரும் துளையும் விளக்கொளியுமே. பிரகாசம் வேறுபட்டு வந்தால் அதை மென்பொருளில் சரிசெய்து, சாம்பல்நிற அட்டை இரண்டு படங்களிலும் ஒரே மதிப்பைக் காட்டும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பைத் திறக்கும்போது

எல்லாக் கோப்புகளையும் ஒரே மென்பொருளின் ஒரே பதிப்பில் திறக்கவும். பத்தாண்டுகளுக்கு முன் மாற்றி வைத்த பழைய படங்களை இன்றைய படங்களுடன் ஒப்பிட்டால், சென்சாரின் முன்னேற்றத்தோடு மென்பொருளின் முன்னேற்றமும் கலந்துவிடும். பழைய ரா கோப்பை இன்று மீண்டும் திறந்து பார்த்தால் அது நினைவில் இருந்ததைவிட நன்றாக இருப்பதைக் காணலாம். லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் இயல்பாகவே கூர்மையையும் வண்ண நாய்ஸ் குறைப்பையும் சேர்க்கின்றன; இரண்டையும் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ராதெரபி, டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்களில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அணைத்து வைக்க முடியும் என்பதால், இத்தகைய சோதனைக்கு அவற்றையே நான் விரும்புவேன். வெண்சமநிலையை (விளக்கின் நிறச்சாயலை நீக்கும் அமைப்பை) சாம்பல் அட்டையிலிருந்து எடுக்கவும்.

அடுத்த கட்டத்தைத் தவிர்த்தால் மற்ற உழைப்பெல்லாம் வீணாகும்: படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 48 மெகாபிக்சல் படத்தையும் 12 மெகாபிக்சல் படத்தையும் நூறு சதவீதத்தில் பார்ப்பது, ஒரு படத்தை இரு மடங்கு அகலமாக அச்சிட்டு அதை அதே தூரத்திலிருந்து குறைசொல்வதற்குச் சமம். 48ஐ 12 ஆகச் சுருக்கும்போது நான்கு பிக்சல்கள் ஒன்றாகின்றன; ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாய்ஸ் பாதியாகக் குறைகிறது. பிக்சல் கூடினால் நாய்ஸ் கூடும் என்ற பழைய அச்சம் பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தைச் செய்யாததால் பிறந்ததே. நுணுக்கத்தை ஒப்பிட விரும்பினால் எதிர்த்திசையில் சென்று, சிறிய கோப்பைப் பெரியதன் அளவுக்கு உயர்த்திப் பார்க்கவும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 4:3 விகிதத்திலும் மற்றவை பெரும்பாலும் 3:2 விகிதத்திலும் இருப்பதால், இரண்டையும் ஒரே விகிதத்துக்கு வெட்டிக்கொள்வது முறை.

பார்க்கும் வரிசை இதுவாக இருக்கட்டும். முதலில் சாம்பல் அட்டை. அது ஃபோட்டான் நாய்ஸைக் காட்டும், அதாவது அளவின் கையெழுத்து அங்கே இருக்கும். பிறகு, அடிப்படை ஐஎஸ்ஓவில் வேண்டுமென்றே நான்கு ஸ்டாப் குறைவாக எடுத்து மென்பொருளில் தூக்கிய படத்தின் கறுப்புத் துணி. அங்கே தலைமுறை தெரியும். மணல் போன்ற நாய்ஸைக் கண் மன்னிக்கும்; கோடுகளையும் கட்டங்களையும் மன்னிக்காது. அதனால் அளவிட்ட எண் ஒன்றாக இருந்தாலும் கோடு விழும் கேமராவையே தாழ்ந்ததாகக் கொள்ள வேண்டும். அதே குறைவான ஒளியில் ஐஎஸ்ஓவை 100, 200, 400, 800 என்று உயர்த்தி, எல்லாவற்றையும் ஒரே பிரகாசத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் இன்னொன்றும் வெளிப்படும். சில சென்சார்களில் குறிப்பிட்ட ஒரு படியில் நிழல் திடீரென்று சுத்தமாகும். இரண்டாவது மின்பெருக்க நிலைக்கு அவை மாறும் இடம் அது. சோனி ஏ7 மூன்றாம் பதிப்பில் அது ஐஎஸ்ஓ 640. அத்தகைய கேமராவில் 500இல் எடுப்பதைவிட 640இல் எடுப்பதே மேல். இதை அறியாமல் ஒரே ஓர் ஐஎஸ்ஓவில் மட்டும் ஒப்பிட்டால், அந்தப் படி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடும்.

வெளியாகியுள்ள அளவீடுகளையும் துணைக்குக் கொள்ளலாம், அவை எப்படிச் சமப்படுத்தப்பட்டவை என்று தெரிந்திருந்தால். சென்சார்களை அளந்து மதிப்பெண் தரும் டிஎக்ஸ்ஓமார்க் தளம் தன் ஒப்பீட்டு மதிப்பெண்களை 8 மெகாபிக்சல் அச்சுக்குச் சுருக்கித் தருகிறது. அதனால் அதன் ‘பிரிண்ட்’ எண்களைத்தான் அளவு மாறும் கேமராக்களுக்கு எடுக்க வேண்டும், சுருக்காமல் பிக்சல் அளவில் தரும் ‘ஸ்கிரீன்’ எண்களை அன்று. ஃபோட்டான்ஸ் டு ஃபோட்டோஸ் தளத்தின் வரைபடங்கள் ஐஎஸ்ஓ வாரியாக டைனமிக் ரேஞ்சை (மிக இருண்டதற்கும் மிக வெளிச்சமானதற்கும் இடையே பதிய முடிகிற வீச்சை) காட்டுவதால், மேலே சொன்ன படி எங்கே வருகிறது என்பது கோட்டின் வளைவிலேயே தெரிந்துவிடும். ஒற்றை மதிப்பெண்ணாகத் திரட்டிய எண்களை நான் பொருட்படுத்துவதில்லை. நிழலும் இடைத்தொனியும் வண்ணமும் அங்கே ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன.

செயற்கை நுண்ணறிவால் நாய்ஸைக் குறைக்கும் கருவிகளை இந்தச் சோதனையில் தனிச்சுற்றாக வைக்கவும். அவை சிறிய, பழைய சென்சார்களின் பின்தங்கலை வியக்கத்தக்க அளவுக்கு மறைக்கும். ஆனால் தூரிகை மயிரில் இல்லாத இழையையும் சிறிய எழுத்தில் இல்லாத வளைவையும் சில நேரம் தாமே வரைந்துவிடும். இரண்டு கேமராக்களின் கோப்புகளையும் அதே கருவியில் அதே அமைப்பில் ஓட்டி, அச்சிட்ட தாளின் எழுத்துகளை மூலத்தோடு வைத்துப் படித்துப் பார்த்தால் எது மீண்டது, எது புனையப்பட்டது என்பது தெரியும்.

முடிவில் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கும் வேறுபாடுகளை வேறுபாடாகவே எழுத வேண்டாம். ஒரே எஃப் எண் குறித்த இரண்டு லென்ஸ்கள் உள்ளே விடும் ஒளியே அந்த அளவுக்கு வேறுபடலாம். ஷட்டரின் உண்மையான வேகமும் குறித்த வேகத்திலிருந்து சற்றே விலகலாம். அதற்கு மேல் உள்ள வேறுபாட்டை மட்டும், எந்தத் தொனியில், எந்த ஐஎஸ்ஓவில், எந்தக் கேள்விக்கு விடையாகக் கண்டது என்ற குறிப்போடு எழுதி, ரா கோப்புகளையும் உடன் சேமித்து வைத்தால், அடுத்து வரும் கேமராவை அதே மேசைக் காட்சியின் முன், அதே விளக்கொளியில் நிறுத்தி ஒப்பிட முடியும்.